சுரைப்பந்தலின் கீழே: மை ஓவியர் குசுமி மொரிகாகெ

‘ஜப்பானிய மை ஓவியம் என்றாலே மூடுபனி படர்ந்த மலை, மூங்கில், தனித்திருக்கும் துறவி என்றுதான் கண்ணில் படுகிறது. உழவர்களையும் அவர்களுடைய வீடு வாசலையும் மையால் வரைந்தவர் யாராவது உண்டா? அந்த வாழ்வு அவருக்கு எப்படிப் பிடிபட்டது?’ என்பது கேள்வி. ஒரே ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால் நான் தயங்காமல் குசுமி மொரிகாகெ என்றுதான் சொல்வேன். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இவருடைய பிறப்பும் இறப்பும் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. கோவில் சுவர்களில் வரைந்த படங்கள், குடும்பத்தைப் பற்றிய சில குறிப்புகள், நூறாண்டுக்குப் பின் எழுதப்பட்ட சில கதைகள் ஆகியவற்றைக் கொண்டே அவருடைய வரலாற்றை ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் வரைந்த ஒரு மடிப்புத் திரை (அறைக்குள் தரையில் நிறுத்தும் தட்டி) மட்டும், அவரைப் பற்றிய ஏடுகள் அனைத்தையும் விட அதிகம் பேசுகிறது. ‘நோர்யோஸு’ என்று அழைக்கப்படும் அந்தப் படம் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பான் அரசு அதைத் தேசியப் புதையலாக அறிவித்திருக்கிறது. வெயில் தாழ்ந்தபின் காற்று வாங்குதல் என்பதே அந்தப் பெயரின் பொருள்.

முதலில் படத்தையே பார்த்துவிடுவோம். அது இரண்டு மடிப்புகள் கொண்ட ஒற்றைத் திரை. உயரம் ஏறக்குறைய 1.5 மீட்டர், அகலம் அதைவிடச் சற்றே கூடுதல். வலப்பக்கம் ஒரு கூரை வீட்டின் ஓரம் மட்டும் தெரிகிறது. அங்கிருந்து இடப்பக்கமாக ஒரு பந்தல் நீள்கிறது; பந்தல் நிறையச் சுரைக்கொடி; இலைகளுக்கு இடையே காய்கள் தொங்குகின்றன. பந்தலின் கீழே தரையில் ஒரு வைக்கோல் பாய். அதன்மீது ஓர் ஆண் மோவாயைக் கையில் தாங்கியபடி ஒருக்களித்துக் கிடக்கிறான். அவன் மேல் உடம்பு தெரியும் அளவுக்கு மெல்லிய ஒரு சட்டை. அருகில் இடுப்பில் மட்டும் துணி சுற்றிய பெண். ஒட்டினாற்போல் ஒரு சிறுவன். மூவரும் இடப்பக்கம் நோக்கி இருக்கிறார்கள். அந்தப் பக்கம் மேலே, கண்ணுக்குப் புலப்பட்டும் படாமலும் ஒரு முழுநிலவு. இவ்வளவுதான் படம். யாரும் யாரோடும் பேசவில்லை, ஒருவர் கையிலும் வேலை இல்லை. திரையின் பெரும்பகுதி வெறும் தாள்.

இந்த வெறும் தாளில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஜப்பானியர் ‘சுமி’ என்று சொல்லும் மை, எண்ணெய் விளக்கின் கரியையோ பைன் மரக் கரியையோ விலங்குப் பசையோடு பிசைந்து கட்டியாக உலர்த்தியது. வரையும்போது அதைக் கல்லில் நீர்விட்டு உரைத்து எடுப்பார்கள். நீரின் அளவைப் பொறுத்து, காக்கைச் சிறகின் கருமையிலிருந்து கஞ்சித் தெளிவின் மங்கல் வரை அத்தனை சாயலும் அந்த ஒரே கட்டியிலிருந்து வந்துவிடும். தாள் மையை உடனே குடித்துவிடுவதால் போட்ட கோட்டை அழிக்கவோ திருத்தவோ முடியாது. மொரிகாகெ வரைந்த நிலவைக் கவனியுங்கள்: நிலவுக்கென்று அவர் எதையும் வரையவில்லை. சுற்றிலும் மிக நீர்த்த மையைப் பரப்பி, நடுவே வட்டமாகத் தாளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்; விட்டுவைத்த இடம் நிலவாகிவிடுகிறது. இது மை ஓவியர்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய உத்திதான். ஆனால் பெரும்பாலோர் அதை மலைமுகட்டுக்கு மேலே வைப்பார்கள். இவர் ஒரு சுரைப்பந்தலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கோடுகளைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். ஆணின் உடம்பைச் சுற்றி ஓடும் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் இளைத்தும், தூரிகையை அழுத்திய இடமும் தூக்கிய இடமும் தெரியும்படி செல்கிறது. பெண்ணின் தோளையும் முதுகையும் வரைந்த கோடோ ஒரே சீராக, மெல்லியதாக, அநேகமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தது போல இருக்கிறது. அவளுடைய கூந்தல்தான் படத்திலேயே ஆழ்ந்த கருமை. ஆணின் சட்டைக்குள் உடம்பின் வரம்பும், அதன்மேல் துணியின் வரம்பும் என இரண்டு கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகின்றன. வேர்வையில் நனைந்து நனைந்து நைந்த கோடைக்காலத் துணி என்று சொல்லாமலே தெரிகிறது. மூன்று பேருக்கும் ஒரே வகைக் கோட்டைப் பயன்படுத்தியிருந்தால் படம் அழகாகவே இருந்திருக்கும். ஆனால் அவர்கள் ஒரு குடும்பமாக இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அந்தக் கொடிக்கு ஜப்பானிய மொழியில் ‘யூகாஓ’ என்று பெயர். ‘மாலை முகம்’ என்று பொருள்படும். நம் வீட்டுக் கூரையில் படரும் சுரையும் அதுவும் ஒரே இனம். அந்தி சாயும்போது வெள்ளையாக விரிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் வாடிவிடும் பூ. காயை நீளநீளமாகச் சீவி உலர்த்தி ‘கன்பியோ’ என்ற வற்றலாக்கிச் சமைப்பார்கள். இந்தப் பூவுக்கு ஜப்பானிய இலக்கியத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு எழுதிய ‘கெஞ்சியின் கதை’யில், அரண்மனையில் வளர்ந்த கெஞ்சி ஓர் எளிய வீட்டு வேலியில் பூத்திருக்கும் இந்த வெள்ளைப் பூவைப் பார்த்து என்ன பூ என்று கேட்பான், அது இப்படிப்பட்ட ஏழை வீட்டு வேலிகளில் பூக்கும் பூ என்று உடன் வந்தவன் சொல்வான். ஆக, படித்த ஜப்பானியருக்கு யூகாஓ என்ற சொல் காதில் விழுந்ததுமே ஏழைக் குடிசை மனத்தில் வந்துவிடும்.

மொரிகாகெயின் திரைக்கு அடிப்படை என்று நெடுங்காலமாகச் சொல்லப்படும் பாடல் ஒன்றும் உண்டு. கினோஷிதா சோஷோஷி என்ற கவிஞர் பாடிய அதன் கருத்து இது: யூகாஓ பூத்த இறவாரத்தின் கீழே காற்று வாங்குகையில், ஆணுக்கு ஓர் உள்சட்டை, பெண்ணுக்கு ஓர் இடுப்புத்துணி. இந்தச் சோஷோஷி சாதாரண ஆள் அல்லர். நாட்டையே ஆண்ட தொயோதோமி ஹிதெயோஷியின் மனைவிக்கு உடன்பிறந்தவரின் மகன். ஒரு கோட்டைக்குத் தலைவராக இருந்தவர். 1600ஆம் ஆண்டுப் போரின்போது தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட காவலை விட்டு விலகியதால் பதவியையும் நிலத்தையும் இழந்து, கியோத்தோவின் கிழக்கு மலையடிவாரத்தில் ஒதுங்கி வாழ்ந்தவர். எல்லாம் போனபின் ஒரு மனிதனுக்கு என்ன போதும் என்ற கேள்வி அவருக்கு ஏட்டுக் கேள்வி அன்று. அந்தப் பாடலில் உள்ள மெல்லிய நகைப்பு, திரைக்கு வரும்போது முழு மௌனமாகிவிடுகிறது. எனக்குப் பாடலைவிடப் படமே பெரிதாகத் தோன்றுகிறது.

இனி, இப்படி ஒரு படம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வருகிறேன். மொரிகாகெ கிராமத்து ஓவியர் அல்லர். அவர் பயின்றது கனோ தன்யூ என்பவரிடம். தன்யூ (1602–1674) இளம் வயதிலேயே, நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான தொக்குகாவா ஷோகன்களின் அரசவை ஓவியரானவர். கோட்டைகளுக்கும் பெருங்கோவில்களுக்கும் சுவரோவியம் செய்து தரும் கனோ பட்டறையின் தலைவர். அந்தப் பட்டறையில் மாணவன் முன்னோர் படங்களின் மாதிரிகளை ஆண்டுக்கணக்கில் நகலெடுத்தே தொழில் கற்பான். மொரிகாகெ அங்கே முன்னணி மாணவர். தன்யூவின் சகோதரி மகளை மணந்தவர். 1641இல் கியோத்தோவின் சியோன்-இன் கோவிலில் தன்யூவின் தம்பி நவோனோபு முதலானோரோடு சேர்ந்து நான்கு பருவ மலைக்காட்சி வரைந்தவர். அந்தப் படத்தை மட்டும் பார்ப்பவர் பிற்காலத்துச் சுரைப்பந்தலை எதிர்பார்க்கவே மாட்டார்.

உழவை வரைவதும் அந்தப் பட்டறைக்குப் புதிது அன்று. இது பலருக்கும் தெரியாத செய்தி. 12ஆம் நூற்றாண்டில் சீனத்தின் தென்சுங் அரசில் லோ ஷூ என்ற அதிகாரி, நெல் விளைவிக்கும் வேலைகளை 21 படங்களாகவும் பட்டு நெய்யும் வேலைகளை 24 படங்களாகவும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடல் எழுதிப் பேரரசருக்குக் கொடுத்தார். உண்ணும் சோற்றின் பின்னே எவ்வளவு உழைப்பு என்று அரசன் அறிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். லியாங் காய் என்ற சீன ஓவியர் பெயரில் வழங்கிய அத்தகைய சுருள் ஜப்பானின் அஷிகாகா ஷோகன்கள் வசம் வந்தது. அதைப் பின்பற்றி, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனோ மொதோனோபுவின் தம்பி கியோத்தோவின் தைசென்-இன் கோவிலில் நான்கு பருவ உழவுக் காட்சிகளை வரைந்தார். அன்றுமுதல் ‘ஷிகி கோசாகு’ எனப்படும் இந்த வகை, ஆள்பவர்கள் அறையில் வைக்கத் தகுந்த அறிவுரைப் படமாகவே இருந்து வந்தது. விதை நனைப்பதும் நாற்று நடுவதும் கதிரடிப்பதும் அதில் உண்டு. ஆனால் அந்த உழவர்கள் சீன உடையில், சீன மலைகளுக்கு இடையே, பாடம் நடத்துவதற்காகவே நிற்பவர்கள்.

மொரிகாகெ இந்த வகையைத்தான் தமக்கென்று எடுத்துக்கொண்டார். ஆறு மடிப்புகள் கொண்ட இரட்டைத் திரைகளில் அவர் நான்கு பருவ உழவை ஒருமுறை அன்று, பலமுறை வரைந்தார். அவற்றுள் ஒன்று கனசாவாவில் உள்ள இஷிகாவா மாகாணக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சில திரைகளில் பழைய சீன முறையையே வைத்துக்கொண்டார். வேறு சிலவற்றில் ஆட்கள், வீடுகள், கருவிகள் எல்லாமே ஜப்பானிய நாட்டுப்புறத்துக்கு மாறிவிட்டன. மாடு உழுகிறது, பெண்கள் குனிந்து நாற்று நடுகிறார்கள், அறுத்த கட்டு களத்துக்குப் போகிறது என்று வேலைகளின் வரிசை மாறவில்லை. மாறியது, வேலைக்கு இடையே இருக்கும் நேரத்துக்கு அவர் கொடுத்த இடம். அந்த இடைநேரத்தை மட்டும் பெரிதாக்கி, மற்ற அத்தனையையும் துடைத்துவிட்டால் கிடைப்பதுதான் சுரைப்பந்தல் படம். அரசனுக்குப் பாடம் சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை. வியர்வை இல்லை, விளைச்சல் இல்லை, வரி கட்டும் காட்சி இல்லை. உழவனை உழைப்பாளியாக மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு மரபுக்குள் இருந்துகொண்டு, அவன் சும்மா இருப்பதை ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஒருவர் வரைந்தார் என்பதைத்தான் நான் மொரிகாகெயின் பெரிய துணிவாகக் கருதுகிறேன்.

இந்த மாற்றத்துக்குக் காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுவது அவருடைய குடும்பத்துக்கு நேர்ந்தவை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். இருவருமே தன்யூவிடம் ஓவியம் பயின்றார்கள். மகள் கியோஹாரா யுகினோபு (1643–1682) உடன் பயின்ற ஒருவரோடு வீட்டை விட்டுப் போய்விட்டதாகச் சொல்வார்கள். மகன் ஹிகோஜூரோ பட்டறைத் தோழர்களோடு சண்டையிட்டுச் சிக்கலில் மாட்டி, 1672இல் சாடோ தீவுக்கு நாடு கடத்தப்பட்டான். இவற்றின் விளைவாக மொரிகாகெ கனோ வட்டத்திலிருந்து விலகினார் என்றும் விலக்கப்பட்டார் என்றும் இருவிதமாகச் சொல்வதுண்டு. மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவது நியாயம் ஆகாது: அவர் அக்காலத்தில் மிகப் புகழ்பெற்ற பெண் ஓவியராக விளங்கினார். 1682இல் வெளிவந்த இஹாரா சைகாகுவின் முதல் நாவலில், ஒரு கணிகை தன் வெள்ளைப் பட்டு உடையில் யுகினோபுவைக் கொண்டு இலையுதிர்காலத்துக் காட்சி வரைய வைத்ததாக வருகிறது. கதைக்குள் பெயரைச் சொன்னாலே வாசகருக்குத் தெரியும் அளவுக்கு அவர் பெயர் பரவியிருந்தது.

அதன்பின் மொரிகாகெ போய்ச் சேர்ந்தது காகா நாட்டின் தலைநகரான கனசாவா. ஜப்பான் கடலோரத்தில், மயேடா குடும்பம் ஆண்ட அந்த நாட்டுக்குப் பத்து லட்சம் கொக்கு விளைச்சல் என்று பெயர். ஒரு கொக்கு என்பது ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குத் தேவையான அரிசி என்று கொள்ளப்பட்ட அளவு. ஷோகனுக்கு அடுத்த பெரிய நிலக்கிழமை அதுதான். 1790இல் பான் கோகெய் என்பவர் எழுதிய விசித்திர மனிதர் வரலாறு ஒன்றில் மொரிகாகெயைப் பற்றி வரும் கதை சுவையானது. கனசாவாவில் மூன்றாண்டு இருந்தும் மானியம் எதுவும் வராததால், ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று மொரிகாகெ ஓர் அரசு ஊழியரிடம் சொன்னாராம். அது காதுக்கு எட்டியதும் பிரபு சிரித்துவிட்டு, இவன் யார் கேட்டாலும் எளிதில் வரைந்து தருகிறவன் அல்லன், மானியம் கொடுத்துவிட்டால் தூரிகையைத் தொடவே மாட்டான், வறுமையில் வைத்திருந்ததால்தான் நம் நாட்டில் இவன் படங்கள் இத்தனை தங்கின, இனிக் கொடுக்கலாம் என்று சொன்னாராம். ஓவியர் காலத்துக்கு நூறாண்டு பிந்திய கதை என்பதால் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் வறுமையில் இருந்தார், வளைந்து கொடுக்கவில்லை என்ற நினைவு அவரைப் பற்றி ஊரில் தங்கியிருந்தது என்பதற்கு இது சான்று. கலைஞனைப் பட்டினி போட்டால் கலை வளரும் என்று நினைக்கும் பிரபுக்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள் போலும்.

நான் குடும்பத் துயரத்தைவிட அந்த நாட்டின் நிலவரத்துக்கே அதிக எடை கொடுப்பேன். மொரிகாகெ காகாவுக்கு வருவதற்கு முன்பே, 1651 முதல் சில ஆண்டுகளில், மயேடா தொஷித்சுனே அங்கே பெரிய நிலச் சீர்திருத்தம் செய்திருந்தார். சாமுராய்கள் தத்தம் பங்குக் கிராமத்துக்கு நேரே போய் நெல் வாங்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. நொடித்த உழவர்களுக்குக் கடன் தரப்பட்டது. வரி விகிதம் நிலையாக்கப்பட்டது. உழவர்மீது கருணை என்பதைவிட, தவறாமல் வரி வர வேண்டும் என்ற கணக்கே அதற்குப் பின்னால் இருந்தது. எப்படியானாலும், வயலில் என்ன நடக்கிறது என்பதை நுணுகிப் பார்க்கும் பழக்கம் அந்த நாட்டில் வேரூன்றியது. 1707இல் சுச்சியா மதாசபுரோ எழுதிய ‘கோகா ஷுஞ்சூ’ என்ற புகழ்பெற்ற வேளாண் நூலும் இதே காகாவில் பிறந்ததுதான். உழவுத் திரைகளுக்கு அங்கே தேவையும் இருந்தது, அவற்றைச் சரிபார்க்கத் தெரிந்த கண்களும் இருந்தன. ஏர் பிடிக்கும் கையைத் தவறாக வரைந்தால் கண்டுபிடிப்பவர்கள் நடுவில் ஓர் ஓவியர் வேலை செய்வதும், அரண்மனைக்குள் இருந்துகொண்டு சீன மாதிரியை நகலெடுப்பதும் ஒன்றாகா.

அப்படியானால் சுரைப்பந்தலின் கீழே இருப்பவர்கள் உண்மையான உழவர்கள்தானா? இதற்கு நேரான ‘ஆம்’ சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த ஆணின் முகம் வெயிலில் காய்ந்த முகமாகத் தெரியவில்லை. ஏதோ யோசனையில் இருக்கும், படிப்பறிவுள்ள ஒருவனுடைய முகம் அது. சோஷோஷியைப் போல உலகை விட்டு ஒதுங்கியவர்கள் தங்களுக்காகக் கற்பனை செய்துகொண்ட எளிய வாழ்வு அதில் கலந்திருக்கிறது. திரையை வாங்கி வைத்தவர் உழவராக இருந்திருக்க வழியே இல்லை. அவர் தத்தாமி என்னும் கோரைப்பாய் விரித்த அறையில், பட்டுடை அணிந்து அமர்ந்து இதைப் பார்த்திருப்பார். இங்கே ஒரு நுட்பம்: திரை தரையில் நிறுத்தப்படுவது, பார்ப்பவரும் தரையில் அமர்பவர். ஆகவே பாயில் கிடக்கும் குடும்பம் அவருடைய கண்மட்டத்துக்கே வந்துவிடுகிறது. மேலிருந்து குனிந்து பார்க்க முடியாதபடி அவர்கள் பக்கத்தில் இவரும் உட்கார்ந்தாக வேண்டும். கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்க்கும் நமக்கு அந்த உறவு கிடைப்பதில்லை. அருங்காட்சியகத்தில் சற்றே முழங்காலை மடக்கிப் பார்க்கும்படி நண்பர்களுக்கு நான் சொல்வதுண்டு. காவலர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

உள்ளிருந்தே வரைந்த ஒருவர்தான் வேண்டும் என்றால், அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஒகாவா உசென் (1868–1938), இபராகி மாகாணத்தில் உஷிகு என்ற சதுப்பேரிக் கரையில் வாழ்ந்தவர். சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தும், புதிய அரசு பழைய நிலக்கிழமைகளை ஒழித்ததால் உழவுக்குத் திரும்பிய வீடு அவருடையது. மனைவி கோ வயல் வேலையைத் தாங்கிக்கொண்டதால்தான் அவரால் வரைய முடிந்தது. ‘உசென்’ என்றால் கிழங்குக் காசு. என் படம் சேப்பங்கிழங்கு வாங்கும் அளவுக்குக் காசு தந்தால் போதும் என்று அவரே வைத்துக்கொண்ட பெயர். ஏரியில் வாழ்வதாக ஊரார் சொல்லும் கப்பா என்னும் நீர்ப்பூதங்களை அவர் உழவர்களோடு உழவர்களாக வரைந்தார். அவருடைய கிராமத்தில் சேறும் உண்டு, பூதமும் உண்டு, சிரிப்பும் உண்டு. மொரிகாகெயின் கிராமத்தில் இருப்பது ஒரு மாலை நேரம் மட்டுமே. ஆனால் அந்த ஒரு மாலையில் அவர் பார்த்த அளவுக்கு உற்றுப் பார்த்தவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

படத்தை நேரில் பார்ப்பது எளிதன்று. பழைய தாளும் மையும் வெளிச்சத்தில் கெடும் என்பதால், தோக்கியோ உவேனோ பூங்காவில் உள்ள அருங்காட்சியகம் அதை ஆண்டு முழுதும் வெளியே வைப்பதில்லை. போகிறவர்கள் காட்சி அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். ஆனால் ஜப்பானிய தேசிய அருங்காட்சியகங்கள் சேர்ந்து நடத்தும் ‘ஈ-மியூசியம்’ என்ற இணையதளத்தில் இதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஜப்பானியத் திரையை வலமிருந்து இடமாகப் படிப்பது வழக்கம். கூரையில் தொடங்கி, பந்தல் வழியே வந்து, மூவரிடமும் நின்று, பிறகு நிலவுக்குப் போங்கள். போகும் வழியில் அந்த ஆணின் சட்டையை நன்றாகப் பெரிதாக்குங்கள். துணிக்குள்ளே தோளின் கோடு நீர்த்த மையில் போவதும், அதன்மேல் துணியின் கோடு தொட்டும் தொடாமலும் வருவதும் தெரியும். இரண்டும் திருத்த முடியாத கோடுகள். இரண்டும் ஒரே முறை போட்டவை.